காய்ச்சல் விட்டாச்சு, நாளைக்கே பளு தூக்கலாமா?

2014இல் கிளாஸ்கோ, 2018இல் கோல்டு கோஸ்ட் என இரண்டு காமன்வெல்த் தங்கம் வென்ற பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கத்தின் ஊர் வேலூரின் சத்துவாச்சாரி. அதனாலோ என்னவோ, வேலூர்ப் பக்கத்துப் பையன்களுக்குப் பளு தூக்குவதில் தனி வெறி. டெங்குவோ டைபாய்டோ வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தால், முதல் கேள்வியே "எப்ப சார் தூக்கலாம்?" என்பதுதான்.

ரிப்போர்ட் நார்மல் என்றதும் பழைய எடையைத் தூக்கப் போவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. டெங்குவில் பிளேட்லெட் ஏறிவிட்டால் ஆபத்து விலகியது என்று அர்த்தம். தசைக்குத் தெம்பு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்காமல், ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். நோய்க்கு முன் 60 இருந்தது இப்போது 74 என்றால் உடம்பு இன்னும் தேறவில்லை. எண் பழையபடி இறங்கிய பிறகு, எடைத் தட்டு எதுவும் மாட்டாத 20 கிலோ இரும்புக் கம்பியிலிருந்து, அதாவது வெறும் பாரிலிருந்து ஆரம்பிக்கலாம்.

டைபாய்டில் இன்னும் கவனம் வேண்டும். மண்ணீரல் வீங்கியிருக்கலாம், குடல் சுவரில் புண் ஆறாமல் இருக்கலாம். பாரைத் தோளில் வைத்து, மூச்சை அடக்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட் போடும்போது வயிற்றுக்குள் அழுத்தம் எகிறும். வயிற்றைப் பரிசோதித்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை பொறுங்கள். மருந்துச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகள் தசைநாரைப் பாதிக்கக்கூடும். முக்கியமாகக் குதிகாலுக்கு மேலே உள்ள நாரை. மாத்திரையை நிறுத்திச் சில மாதம் கழித்துக்கூட அது அறுந்துபோனவர்கள் உண்டு. குதிகாலில் வலி தெரிந்தால் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம். நேரே டாக்டரிடம் போங்கள்.

அப்புறம் இந்தக் குளுக்கோஸ் பாட்டில். "ரெண்டு பாட்டில் ஏத்திக்கோடா, தெம்பா இருக்கும்" என்று சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். போட்டிகளுக்குப் போகிற வீரருக்கு இது வம்பு. ஊக்கமருந்து விதிப்படி 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக எதை ஏற்றினாலும், உள்ளே இருப்பது வெறும் குளுக்கோஸ் தண்ணீராகவே இருந்தாலும், அது தடை செய்யப்பட்ட முறை. ஒரு பாட்டிலே 500 மில்லி! ஆஸ்பத்திரியில் முறையான சிகிச்சையின் பகுதியாக ஏற்றியது என்றால் விலக்கு உண்டு. தெருமுனை கிளினிக்கில் சோர்வுக்காக ஏற்றிக்கொண்டதை அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. பிரட்னிசலோன் மாதிரி ஸ்டீராய்டு மாத்திரைக்கும் போட்டிக் காலத்தில் தடை இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியையும் மருந்துச் சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருங்கள், தூக்கிப் போட வேண்டாம்.

வீட்டில் நடக்கிற தவறு பத்தியம். மஞ்சள் காமாலை வந்த பிள்ளைக்கு முட்டை கூடாது, கறி கூடாது என்று மாதக்கணக்கில் கஞ்சியும் மோரும் கொடுத்தால் கரைந்த தசை எப்படித் திரும்பும்? பசி எடுத்து, வாந்தி நின்ற பிறகு, டாக்டரைக் கேட்டுவிட்டு முட்டை, பருப்பு, மீன் எல்லாம் தரலாம். ஆம்பூர் பிரியாணி கொஞ்சம் காத்திருக்கட்டும், பரவாயில்லை.

காசநோய் என்றால் ஆறு மாத மருந்தில் இரண்டாம் மாதமே இருமல் நின்று எடையும் ஏறத் தொடங்கலாம். அங்கேயே மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கு நோய் திரும்பி, மருந்துக்கே மசியாத காசநோயாகவும் மாறலாம்.

"யுவராஜ் சிங் கேன்சரிலிருந்தே திரும்பி வரலையா?" என்பார்கள். வந்தார்தான். கீமோதெரபி முடிந்தது 2012 மார்ச்சில், இந்தியாவுக்காகச் சேப்பாக்கத்தில் மறுபடி ஆடியது செப்டம்பரில். நடுவில் போன ஆறு மாதத்தை யாரும் சொல்வதில்லை.

வேலூர் வெயிலையும் கணக்கில் வையுங்கள். படுக்கையில் கிடந்த உடம்புக்கு வெயில் பழக்கம் விட்டுப்போயிருக்கும். மறுபடி பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். கோட்டை மைதானத்தில் ஓடுவதானால் ஆறரை மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ, படபடத்தாலோ, தலை சுற்றினாலோ வெயில்தான் காரணம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் இதயத் தசையில் அழற்சி வரலாம். ஈசிஜி, எக்கோ பார்த்து அது உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் ஓட்டமும் கிடையாது, பாரும் கிடையாது.