எம்.டிவ். பட்டம்: இணையத்திலும் வளாகத்திலும் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.டிவ். (மாஸ்டர் ஆஃப் டிவினிட்டி) என்று சுருக்கமாக அழைக்கப்படும் கிறிஸ்தவ இறையியல் பட்டம் முதுநிலைப் பட்டமே என்றாலும், ஆய்வாளர்களை உருவாக்குவதற்காக வகுக்கப்பட்டதன்று. சபைக்கு ஆயரையும், மருத்துவமனைக்கும் இராணுவத்துக்கும் சாப்ளினையும் (அங்குள்ளவர்களுக்கு ஆன்மிகத் துணை நிற்கும் பணியாளரையும்) ஆயத்தப்படுத்தும் தொழில்முறைப் பட்டம் அது. அமெரிக்கச் செமினரிகள், அதாவது இறையியல் கல்லூரிகள், ஏறத்தாழ 1970 வரை இதே படிப்பைப் பி.டி. (பேச்சலர் ஆஃப் டிவினிட்டி) என்ற பெயரில் வழங்கிவந்தன. பெயர் மாறியதேயன்றி நோக்கம் மாறவில்லை. இந்த வேறுபாட்டை உணராமல், பிற்காலத்தில் பேராசிரியராக விரும்புகிறவர் எம்.டிவ்.வில் சேர்வதும், ஆயராக விரும்புகிறவர் இரண்டே ஆண்டில் முடிகிறதே என்று இறையியல் எம்.ஏ.வில் சேர்வதும் அடிக்கடி நடக்கின்றன. முன்னவருக்கு இழப்பு குறைவு; அவர் பின்னர் டி.எச்.எம். என்னும் உயர் இறையியல் முதுநிலைப் பட்டம் படித்து முனைவர் பட்டத்துக்குப் போகலாம். பின்னவரோ, எம்.டிவ். இல்லாதவரை அருட்பொழிவுக்கு (ஆயராகத் திருநிலைப்படுத்தப்படுவதற்கு) ஏற்காத திருச்சபையைச் சேர்ந்தவராக இருந்தால், மீண்டும் வகுப்பறைக்கே திரும்ப நேரும்.

இணையவழியில் படிப்பதா, வளாகத்தில் தங்கிப் படிப்பதா என்பதையே முதற்கேள்வியாக வைத்துக்கொள்வதுதான், என் கணிப்பில், மற்றத் தவறுகள் பலவற்றுக்கும் வேர். பட்டத்தைக் கொடுப்பது செமினரி. ஆனால் அதை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது வேறொருவர். திருச்சபையின் அருட்பொழிவுக் குழு, சாப்ளின்களுக்குச் சான்றளிக்கும் வாரியம், இராணுவம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவுகோல் உண்டு. ஐக்கிய மெதடிஸ்து திருச்சபை, ‘பல்கலைக்கழக செனட்’ எனப்படும் தன் கல்விக் குழு ஒப்புதல் அளித்த இறையியல் பள்ளிகளின் பட்டியலை வைத்திருக்கிறது. அதில் இல்லாத பள்ளியில் எவ்வளவு சிறப்பாகப் படித்திருந்தாலும் வழி அடைபடக்கூடும். அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை, வேதாகமத்தின் மூலமொழிகளான எபிரேயமும் கிரேக்கமும் படித்துத் தேறியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. மொழிப்பாடம் இல்லாமலே எம்.டிவ். முடிக்க இடமளிக்கும் பள்ளிகளும் இருப்பதால் இது முக்கியம். அமெரிக்க இராணுவச் சாப்ளினுக்கு 72 செமஸ்டர் கிரெடிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) அளவிலான இறையியல் முதுநிலைக் கல்வியுடன், அவரை அனுப்பும் சமய அமைப்பின் ஒப்புதலும் தேவை. ஆகவே விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன்பே, உங்களை ஏற்கப்போகிற குழுவுக்குப் பள்ளியின் பெயரையும் படிக்கும் முறையையும் குறிப்பிட்டு எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே பெறுவது நல்லது. வாய்வழி உறுதியைக் குழுவின் அடுத்த தலைவர் நினைவில் வைத்திருக்க மாட்டார்.

அங்கீகாரம் பற்றிய தவறு பலருக்கும் தெரிந்ததுதான். ஆயினும் அதன் நுணுக்கமான வடிவத்தில் விழுகிறவர்கள் குறையவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் இறையியல் பள்ளிகளுக்கு அங்கீகாரம் அளிக்கும் முதன்மையான அமைப்பு ஏ.டி.எஸ். எனப்படும் இறையியல் பள்ளிகளின் சங்கம். அதில் இணை உறுப்பினர், அங்கீகாரத்துக்கான வேட்பாளர், அங்கீகாரம் பெற்றவர் என்ற படிநிலைகள் உள்ளன. ‘ஏ.டி.எஸ். உறுப்பினர்’ என்று ஒரு பள்ளி விளம்பரப்படுத்தினால் அது பொய்யாக இராது. ஆனால் அங்கீகாரம் பெற்றுவிட்டதாகவும் அதற்குப் பொருளில்லை. பெரிய பெயர் தாங்கிய போலி அங்கீகார அமைப்புகளும் உண்டென்பதால், அங்கீகாரம் அளித்த அமைப்பையே அமெரிக்கக் கல்வித் துறையோ உயர்கல்வி அங்கீகார மன்றமோ ஏற்றிருக்கிறதா என்று அவற்றின் பட்டியலில் நேராகப் பார்த்துவிட வேண்டும்.

பழைய தகவலை நம்புவது இன்னொன்று. எம்.டிவ். படிப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையாவது வளாகத்தில் முடிக்க வேண்டும் என்பது ஏ.டி.எஸ்.ஸின் பொதுவிதியாக இருந்தது. விலக்குப் பெற்ற பள்ளிகள் சில மட்டுமே முழுவதையும் இணையத்தில் நடத்தின. 2020இல் ஏற்கப்பட்ட புதிய தரவிதிகளில் அந்தக் கட்டாயம் இல்லை. குறைந்தது 72 செமஸ்டர் கிரெடிட் என்ற அளவு மட்டும் நிலைத்திருக்கிறது. இதனால் ‘இணையவழிப் பட்டம் செல்லாது’ என்று மூத்தவர்கள் சொல்வதை அப்படியே ஏற்பதும் தவறு, அங்கீகார அமைப்பு அனுமதித்துவிட்டதால் எல்லாத் திருச்சபையும் அனுமதித்துவிட்டது என்று எண்ணுவதும் தவறு.

வேலையை விடாமல் படிக்கலாம் என்பதே இணையவழிப் படிப்பின் ஈர்ப்பு. காலக்கணக்கில் ஏமாறுவதும் அங்கேதான். ஒரு கிரெடிட் என்பது வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பும் அதற்கு வெளியே இரண்டு மணி நேர உழைப்பும் கொண்டது என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் வழக்கமான அளவு. அவ்வாறாயின் மூன்று கிரெடிட் கொண்ட ஒரு பாடம் வாரம் ஒன்பது மணி நேரத்தையும், இரண்டு பாடங்கள் பதினெட்டு மணி நேரத்தையும் எடுத்துக்கொள்ளும். ஒரு செமஸ்டருக்கு இரண்டு பாடங்கள் வீதம் படித்தால் 72 கிரெடிட்டுக்குப் பன்னிரண்டு செமஸ்டர்கள், அதாவது கோடைக்கால வகுப்பு எடுக்காதவருக்கு ஆறு ஆண்டுகள். விளம்பரங்களில் காணும் மூன்று ஆண்டு என்பது முழுநேர மாணவரின் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை அருளுரையையும் தயாரித்துக்கொண்டு நான்கு பாடங்களில் பதிவு செய்கிறவர், இரண்டாம் மாதத்திலேயே ஒன்றிரண்டைக் கைவிட நேரும். அதற்குள் கட்டணம் திரும்பக் கிடைக்கும் தேதி பெரும்பாலும் கடந்திருக்கும்.

மொழிப்பாடங்களை வைக்கும் வரிசை இன்னும் கவனத்துக்குரியது. கிரேக்கமும் எபிரேயமும் கடினம் என்று அவற்றைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளுகிறார்கள். ஆனால் வேத விளக்கப் பாடங்கள் மூலமொழியின் மேல்தான் நிற்கின்றன. மொழியைக் கடைசியில் கற்கிறவர் மூன்று ஆண்டுகள் மொழிபெயர்ப்பை வைத்தே விளக்கம் எழுதிவிட்டு, வினைச்சொல்லின் காலமும் வகையும் புரியத் தொடங்கும்போது பட்டம் பெற்று வெளியேறிவிடுவார். முதல் செமஸ்டரில் கிரேக்கம் தொடங்கிவிட்டு, இடையில் ஒரு செமஸ்டர் விட்டுத் தொடரலாம் என்று நினைப்பது அதைவிடப் பாதகமானது. மனப்பாடம் செய்த சொற்களும் வினைத்திரிபு அட்டவணைகளும் நான்கு மாத இடைவெளியைத் தாங்குவதில்லை. பதிவு செய்யப்பட்ட விரிவுரையைப் பார்த்து மொழி கற்பவருக்கு மற்றொரு இடர் உண்டு. உரக்க வாசிக்கச் சொல்லவும், தடுமாறும்போது திருத்தவும் எதிரில் யாரும் இல்லாததால், எழுத்துத் தேர்வில் மதிப்பெண் பெற்றாலும் ஒரு வசனத்தைக்கூட வாய்விட்டு வாசிக்க வராது. நேரலை அமர்வு உள்ள வகுப்பைத் தேடுவது, அது கிடைக்காவிட்டால் உடன் படிக்கும் ஒருவரோடு வாரம் இருமுறை காணொளியில் வாசிப்பது இதற்குக் கைகண்ட வழி.

வளாகத்தில் ஒன்றிரண்டு வாரம் தங்கிப் படிக்கும் தீவிர வகுப்புகளை, இணையப் படிப்புக்கு இடையே வரும் ஒரு சடங்காகக் கருதுவோர் பலர். நூல்களை விமானத்தில் படித்துக்கொள்ளலாம் என்று கிளம்புவார்கள். இவ்வகுப்புகளின் அமைப்பே வேறு: வாசிப்பின் பெரும்பகுதி வருவதற்கு முன்பும், கட்டுரைகள் திரும்பிய பிறகும் முடிக்கப்பட வேண்டியவை, நடுவில் உள்ள நாட்கள் விவாதத்துக்கானவை. வாசிக்காமல் வருகிறவர் மற்றவர்கள் பேசுவதைக் குறிப்பெடுத்துக்கொண்டு போவார், அவ்வளவுதான். அந்த நாட்களில் அலுவலக அழைப்புகளை ஏற்றுக்கொண்டே இருப்பதும், மாலை வழிபாட்டையும் உணவு மேசையையும் தவிர்த்து அறைக்குள் அடைந்துகொள்வதும் அதே வகைப் பிழைகள். பிற்காலத்தில் ஒரு பேராசிரியர் உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டுமானால், திரையில் ஒரு சிறு கட்டமாக மட்டுமே கண்ட முகத்தைப் பற்றி அவரால் என்ன எழுத முடியும்?

அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து படிக்கிறவர்களுக்கு இதில் சட்டச் சிக்கலும் உண்டு. முழுக்க இணையத்தில் நடக்கும் படிப்பைக் காட்டி எஃப்-1 மாணவர் விசா பெற இயலாது. அந்த விசாவில் இருப்பவரும், முழுநேரப் படிப்புக்கான அளவில் ஒரு செமஸ்டருக்கு ஓர் இணையப் பாடத்தை, அதாவது மூன்று கிரெடிட்டை மட்டுமே சேர்த்துக்கொள்ளலாம். ஒரு வார வகுப்புதானே என்று சுற்றுலா விசாவில் போய்க் கிரெடிட்டுக்குப் படிப்பது விதிமீறல். பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் பள்ளியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் கேட்டுவிட வேண்டும். உதவித்தொகையையும் அப்போதே விசாரிக்கலாம். சில பள்ளிகளில் அது வளாக மாணவர்களுக்கு மட்டும் உரியது.

களப்பணியைப் பற்றி மாணவர்கள் யோசிக்கத் தொடங்குவது பெரும்பாலும் காலம் கடந்த பின்புதான். வளாக மாணவருக்கு இடத்தைப் பள்ளி ஏற்பாடு செய்து தரக்கூடும். தொலைவிலிருந்து படிப்பவர் பெரும்பாலும் தாமே ஒரு சபையையோ நிறுவனத்தையோ கண்டுபிடித்து, மேற்பார்வையாளரின் தகுதிக்குப் பள்ளியின் ஒப்புதலையும் பெற வேண்டும். சாப்ளின் பணியை நாடுவோருக்கு மருத்துவமனை போன்ற இடங்களில் நடக்கும் மேய்ப்புப் பணிப் பயிற்சியும் தேவைப்படும். அதில் ஒரு அலகு வழக்கமாக 400 மணி நேரம்; அமெரிக்காவில் தொழில்முறைச் சாப்ளினாக முழுச் சான்று பெற நான்கு அலகுகள் கேட்கப்படுகின்றன. குழு அமர்வுகள் இணையத்தில் நடந்தாலும் நோயாளியின் கட்டிலருகே நிற்பதை இணையத்தில் செய்ய இயலாது. எனவே வேலையிலிருந்து விடுப்புப் பெறும் திட்டம் முதல் ஆண்டிலேயே வேண்டும். மேற்பார்வையாளராகத் தம்மை நெடுங்காலமாக அறிந்த, எதையும் பாராட்டியே பேசுகிற ஒருவரைத் தேர்ந்துகொள்வதையும் தவிர்க்கலாம். அவரிடமிருந்து நல்ல அறிக்கை வரும்; நல்லடக்க ஆராதனையில் நீங்கள் அவசரப்பட்டுப் பேசிய சொல் அந்த அறிக்கையில் இருக்காது.