ஆடிட்டர் ஆபீஸில் ஒருவர் வேலையை இன்னொருவருக்குப் பழக்குவது எப்படி?

நாலைந்து பேர் இருக்கும் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பிரிந்திருக்கும். ஜிஎஸ்டி ஒருவர், டிடிஎஸ் ஒருவர், பிஎஃப்-இஎஸ்ஐ ஒருவர். 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பிக்கு, அதாவது மாத வரிக்கணக்கைக் காட்டி வரி கட்டும் ரிட்டர்னுக்குக் கடைசி நாள் என்றிருக்க, 18ஆம் தேதி ஜிஎஸ்டி பார்க்கும் அக்கா குழந்தைக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டால் ஆபீஸே கைபிசைந்து நிற்கும். தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய், வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி வேறு. கிளையன்ட் அதை நம்மிடம்தான் கேட்பார். எங்கள் ஆபீஸில் இதைச் சரிசெய்த வழி இது. டாலி என்ற கணக்கு மென்பொருள் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. நேரம் பாருங்கள். ஜூலையும் செப்டம்பரும் வேண்டவே வேண்டாம், பிப்ரவரி தோது. 7ஆம் தேதி டிடிஎஸ், 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்), 15 பிஎஃப், 20 3பி என்று மாதம் ஓடிவிடுவதால் 21க்கு மேல்தான் நிம்மதியாக உட்கார முடியும். போட்டு முடித்த மாதத்தையே எடுத்து, 2பியை (சப்ளையர்கள் காட்டிய பில்களைப் போர்ட்டல் தொகுத்துத் தரும் பட்டியல்) மறுபடி இறக்கி, கொள்முதலோடு ஒப்பிடச் சொல்லுங்கள். விடை ஏற்கெனவே கையில் இருக்கிறது, தப்பினாலும் யாருக்கும் காசு போகாது.

2. நில் ரிட்டர்ன் (வியாபாரமே இல்லாத மாதத்துக்கான ரிட்டர்ன்) கிளையன்ட்டில் ஆரம்பிக்காதீர்கள், அதில் கற்க ஒன்றுமில்லை. கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) வரும் ஒரு நடுத்தர வியாபாரியை எடுங்கள். புதியவர் மவுஸைப் பிடிக்கட்டும், தெரிந்தவர் பக்கத்தில் சும்மா உட்காரட்டும்.

3. ஒவ்வொரு கிளையன்ட்டைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதுங்கள். போர்ட்டலில் எங்கே அழுத்துவது என்பதையல்ல, அக்காவின் தலைக்குள் இருப்பதை. "இவர் பில்லை வாட்ஸாப்பில் அனுப்புவார்", "அந்த சப்ளையர் காலாண்டுக்கு ஒருமுறைதான் ரிட்டர்ன் போடுவார், இடைப்பட்ட மாதங்களில் பில்லை ஏற்றும் ஐஎஃப்எஃப்பும் போடமாட்டார், அவர் பில்லை 2பியில் காணோம் என்று பதற வேண்டாம்" போன்றவை. சிலர் வீடியோ எடுத்து வைக்கிறார்கள். போர்ட்டல் அடிக்கடி முகம் மாற்றுவதால் அது சீக்கிரம் பழசாகிவிடும். கட்டண மென்பொருளும் தேவையில்லை, ஒரு கூகுள் ஷீட் போதும்.

4. எங்களைப் படுத்தியது இதுதான்: ஓடிபி. எல்லாம் கற்றுக்கொண்ட பிறகும், ஃபைல் செய்யும் நேரத்தில் ஓடிபி லீவில் இருப்பவர் போனுக்குப் போகும். ரிஜிஸ்ட்ரேஷன் எடுத்த அவசரத்தில் ஸ்டாஃப் நம்பரையும் மெயிலையும் கொடுத்திருப்பார்கள். ஒவ்வொரு கிளையன்ட்டாக உள்ளே போய் எந்த நம்பர் இருக்கிறது என்று பாருங்கள், ஷீட்டில் தனி நெடுவரிசை போடுங்கள். மாற்றுவது நான்-கோர் அமெண்ட்மெண்ட் என்ற சிறு திருத்தம்தான், அதிகாரி ஒப்புதல் தேவையில்லை, ஆனால் புது நம்பருக்கு வரும் ஓடிபியைச் சொல்லக் கிளையன்ட் லைனில் இருக்க வேண்டும். ஆபீஸுக்கென்று பொது நம்பர் வாங்கலாமே என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கிளையன்ட் பெயரில் போகும் ரிட்டர்னுக்கு அவர் போனுக்குத்தான் ஓடிபி வர வேண்டும், "இந்த மாசம் எவ்வளவுங்க?" என்று அப்போதாவது கேட்பார்.

5. அப்புறம் நிஜ மாதம். அக்கா சீட்டில் இருக்கும்போதே புதியவர் போடட்டும், அக்கா சரிபார்க்கட்டும். அடுத்த மாதம் மாற்றிச் செய்யுங்கள். "எல்லாரும் கற்றுக்கொண்டால் என் வேலை போய்விடுமா" என்ற பயம் வரும். சம்பள உயர்வைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள், அறிவுரை வேண்டாம்.

யூடின் (ஆடிட்டர் கையெழுத்திடும் ஆவணத்துக்கான தனி எண்) எடுப்பதை மட்டும் யாருக்கும் பழக்காதீர்கள், அது கையெழுத்துப் போடும் ஆடிட்டரின் வேலை.

பின்சேர்க்கை: டிஎஸ்சி டோக்கனை (டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி கருவி) பற்றிப் பலர் கேட்டதால் இது. கம்பெனி, எல்எல்பி என்றால் ஓடிபி நம்பரை மாற்றி மட்டும் பயனில்லை, டோக்கன் வேண்டும். பாஸ்வேர்டைச் சும்மா ஊகித்துத் தட்டினால் சில தடவையில் லாக் ஆகிவிடும். டிஎஸ்சி காலாவதியாகும் தேதியையும் ஷீட்டில் ஏற்றுங்கள். டோக்கன் கிளையன்ட்டிடம் இருப்பதுதான் முறை, ஃபைல் செய்யும் நாளில் கொண்டுவரச் சொல்லுங்கள்.