அமெரிக்காவில் ஃபெலனி வழக்கு: பதற்றத்தில் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

வாசலில் போலீஸ் வந்து நின்றால் நம்மில் பலருக்கு முதலில் தோன்றுவது, "என் மேல் தப்பு இல்லை, நடந்ததைச் சொல்லிவிட்டால் போய்விடுவார்கள்" என்பதுதான். பணிவாகப் பேசி, கேட்டதற்கெல்லாம் விளக்கம் சொல்லி, முடிந்தால் இரண்டு பெரியவர்களை வைத்துச் சமாதானம் செய்துகொள்வது ஊரில் நமக்குத் தெரிந்த வழி. அமெரிக்காவில் அதே வழியில் போய் வழக்கைத் தாங்களே இறுக்கிக்கொண்டவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஓராண்டுக்கு மேல் சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய குற்றத்தைப் பெரும்பாலும் ஃபெலனி என்பார்கள். அதற்குக் கீழே இருப்பது மிஸ்டிமீனர். ஃபெலனி என்றதும் கொலை, கொள்ளை என்று நினைத்து நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இருந்துவிட வேண்டாம். குடித்துவிட்டு ஓட்டி யாருக்காவது பலத்த காயம் ஏற்பட்டாலோ, கணவன் மனைவி சண்டையில் கழுத்தை நெரித்ததாகப் புகார் வந்தாலோ பல மாநிலங்களில் அது ஃபெலனிதான்.

முதல் தவறு பேசுவது. பேசாமல் இருக்கவும் வக்கீல் வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு என்று போலீஸ் எச்சரிக்க வேண்டும் என்ற, 1966-இல் வந்த மிராண்டா தீர்ப்பைப் படங்களில் பார்த்துப் பார்த்து, "உரிமையைப் படித்துக் காட்டவில்லை என்றால் கேஸ் நிற்காது" என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. காவலில் வைத்து விசாரிக்கும்போதுதான் அந்த எச்சரிக்கை கட்டாயம். அதைச் சொல்லத் தவறினாலும் பெரும்பாலும் அந்த வாக்குமூலம்தான் ஏற்கப்படாமல் போகும், வழக்கு அப்படியே இருக்கும். கைது செய்வதற்கு முன்பு வீட்டு வாசலில் நின்று சாதாரணமாகப் பேசியதும் சாட்சியமாக வரலாம். "உங்கள் நண்பர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்" என்று போலீஸ் பொய் சொல்லி வாங்கிய வாக்குமூலத்தை 1969-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நம்முடைய மரியாதைப் பேச்சு வேறு இங்கே சிக்கலாகிறது. "மே பி ஐ ஷுட் டாக் டு எ லாயர்" என்று ஒருவர் இழுத்துச் சொன்னதை, வக்கீல் கேட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெறுமனே வாயை மூடிக்கொண்டு இருப்பதும் போதாது. 2010-இல் முடிந்த ஒரு வழக்கில், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் பேசாமல் இருந்தவர் கடைசியில் சொன்ன ஓரிரு பதில்களே அவருக்கு எதிராக நின்றன. அதனால் தெளிவாகச் சொல்லுங்கள்: "ஐ வில் ரிமெய்ன் சைலன்ட். ஐ வான்ட் எ லாயர்." பெயர், முகவரி கேட்டால் கொடுங்கள், கையைத் தட்டிவிடாதீர்கள், ஓடாதீர்கள். பொய் மட்டும் வேண்டவே வேண்டாம். மத்திய அரசு விசாரணை அதிகாரியிடம் முக்கியமான விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னால் அதுவே ஐந்தாண்டு வரை தண்டனைக்குரிய தனிக் குற்றம்.

அடுத்தது போன். பயத்தில் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்கிறார்கள். விசாரணையைத் தடுக்கும் நோக்கில் பதிவுகளை அழிப்பதற்கு மத்தியச் சட்டத்தில் இருபது ஆண்டு வரை தண்டனை உண்டு. முதல் குற்றச்சாட்டை விட இது பெரிதாகிவிடலாம். சிறையிலிருந்து வீட்டுக்குப் பேசும் அழைப்புகள் பொதுவாகப் பதிவாகும். தமிழில் பேசினால் யாருக்குப் புரியும் என்று நினைக்காதீர்கள், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது. அந்த அழைப்பில் "நலமா, வக்கீல் பார்த்தாயிற்றா" என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

குடும்பச் சண்டையில் வரும் வழக்குகளில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். மனைவி 911-க்கு அழைத்திருப்பார். மறுநாள் கோபம் தணிந்து, "கேஸை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்" என்று அவரே சொல்வார். ஆனால் அங்கே வழக்கை நடத்துவது அரசு. தொடர்வதா விடுவதா என்று முடிவு செய்வது அரசுத் தரப்பு வக்கீலான பிராசிக்யூட்டர், புகார் கொடுத்தவர் இல்லை. இதற்கிடையில் புகார் கொடுத்தவரைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று பெரும்பாலும் நீதிபதி உத்தரவு போட்டிருப்பார். அது நேரில் போவதற்கு மட்டுமான தடை இல்லை. குறுஞ்செய்தி அனுப்புவது, நண்பர் வழியாகச் சொல்லி அனுப்புவது, ஊரிலிருந்து அம்மா அழைத்து "குடும்ப மானத்தைப் பாரும்மா, மாற்றிச் சொல்லிவிடு" என்று அழுவது, எல்லாமே அந்த உத்தரவை மீறியதாகலாம். சாட்சியைக் கலைத்ததாகப் புதிய வழக்கே வரலாம். கிடைத்த ஜாமீனும் போய்விடலாம். அடிபட்டவர் பக்கமிருந்து பார்த்தால் அந்த உத்தரவு அவருடைய பாதுகாப்புக்காகத்தான் இருக்கிறது, அதை உறவினர்களும் மதிக்க வேண்டும். பிள்ளைகளைப் பார்ப்பது, வீட்டிலிருந்து துணி எடுப்பது என்று எது தேவைப்பட்டாலும் வக்கீல் வழியாக நீதிமன்றத்தில் கேளுங்கள்.

சரி, எந்த வக்கீல்? கிரீன் கார்டு வேலை பார்த்துக் கொடுத்தவரையோ, வீடு வாங்கும்போது பத்திரம் பார்த்தவரையோ அழைப்பதுதான் வழக்கம். நம்பிக்கையானவராக இருப்பார், ஆனால் அவர் குற்ற வழக்கு நடத்துபவர் இல்லை. அந்த மாவட்ட நீதிமன்றத்தில் இதே வகை வழக்குகளைத் தொடர்ந்து நடத்துபவர் வேண்டும். மத்திய அரசு வழக்கு என்றால் ஃபெடரல் நீதிமன்றத்தில் பழகியவர் வேண்டும். உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பொதுவாக மாநில வக்கீல்களுக்கான பார் அமைப்பின் இணையதளத்தில் பார்த்துவிடலாம். "கண்டிப்பாக ஜெயித்துத் தருகிறேன்" என்பவரிடம் நிற்காதீர்கள், எந்த வக்கீலாலும் அப்படி உறுதி தர முடியாது. ஜெயித்தால்தான் பீஸ் என்ற பேரம் குற்ற வழக்குகளில் தொழில் விதிகளுக்கே எதிரானது. ஒரே தொகையாகப் பேசினால், நீதிமன்ற விசாரணை (டிரயல்) வரை போனாலும் அந்தத் தொகைதானா, வரும்போதெல்லாம் இவரே வருவாரா, அலுவலகத்தில் வேறு யாரையாவது அனுப்புவாரா என்று எழுத்தில் வாங்குங்கள்.

பணம் இல்லையென்றால், அரசு செலவில் உங்களுக்காக வாதாடும் பப்ளிக் டிஃபெண்டரைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். வசதி இல்லாதவருக்கு ஃபெலனி வழக்கில் அரசே ஒரு வக்கீலைக் கொடுத்தாக வேண்டும் என்பது 1963-இல் வந்த கிடியன் தீர்ப்பு. நாள் முழுக்க அதே நீதிமன்றத்தில் குற்ற வழக்கு மட்டுமே நடத்துகிறவர்கள் அவர்கள். வேலைப்பளு அதிகம், அதனால் உங்கள் விவரங்களைத் தேதிவாரியாக எழுதிக் கொடுத்தால் அவருக்குப் பெரிய உதவி.

வக்கீலைப் பார்க்கும்போது மாமா, நண்பர் என்று கூட்டமாக உள்ளே போகாதீர்கள். வக்கீலிடம் சொல்வது ரகசியம் என்ற பாதுகாப்பு, மூன்றாம் ஆள் உட்கார்ந்திருந்தால் கைவிட்டுப் போகலாம். மற்றவர்கள் வெளியில் இருக்கட்டும். உள்ளே எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவருக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து, குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் பிளீ ஒப்பந்தத்தில் இருக்கிறது. "குற்றத்தை ஒப்புக்கொண்டால் சிறை இல்லை, புரொபேஷன் (வெளியில் கண்காணிப்பில் இருப்பது) மட்டும்தான்" என்று கேட்டதும் நிம்மதியாகக் கையெழுத்துப் போடத் தோன்றும். ஹோசே படியா என்பவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கிரீன் கார்டில் இருந்தவர், வியட்நாம் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். "இத்தனை காலம் இங்கே இருக்கிறீர்கள், குடியேற்றப் பிரச்சினை வராது" என்று தன் வக்கீல் சொன்னதை நம்பிப் போதைப்பொருள் வழக்கில் ஒப்புக்கொண்டார். நாடு கடத்தல் கிட்டத்தட்ட உறுதியாயிற்று. அவர் போராடியதால்தான், இந்த விளைவை வக்கீல் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்று 2010-இல் தீர்ப்பு வந்தது.

இதில் ஒரு நாள் கூட விஷயம். திருட்டு, வன்முறை போன்ற குற்றங்களில் ஓராண்டோ அதற்கு மேலோ தண்டனை என்று தீர்ப்பில் எழுதியிருந்தால், குடியேற்றச் சட்டம் அதை மிகக் கடுமையான பிரிவில் வைக்கிறது. தண்டனையை நிறுத்திவைத்து ஒரு நாள் கூடச் சிறைக்குப் போகாவிட்டாலும் கணக்கு அதுவேதான். 365 நாளுக்கும் 364 நாளுக்கும் இடையில் ஒரு குடும்பம் அங்கே தங்குவதும் கிளம்புவதும் இருக்கலாம். சில காலம் ஒழுங்காக இருந்தால் பதிவில் குற்றவாளி என்று வராது என்பது போன்ற மாநில ஏற்பாடுகளும், குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏதாவது நிபந்தனையும் ஏற்றிருந்தால், குடியேற்றத் துறைக்குத் தண்டனையாகவே தெரியலாம். அதனால் குற்ற வழக்கு வக்கீலும் குடியேற்ற வக்கீலும் கையெழுத்துக்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும், உங்களுக்கு வரப்போகும் விளைவை எழுத்தில் தர வேண்டும்.

ஒப்புக்கொள்ளும் நாளில் நீதிபதி வரிசையாகக் கேள்வி கேட்பார்: புரிந்ததா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா, இதனால் நாடு கடத்தப்படலாம் என்று தெரியுமா. தலையாட்டிக்கொண்டே எல்லாவற்றுக்கும் "யெஸ்" சொன்னால் பிறகு மாற்றுவது மிகக் கடினம். ஒரு சொல் புரியாவிட்டாலும் அங்கேயே நிறுத்தி, வக்கீலோடு தனியாகப் பேச நேரம் கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அதை முந்தைய வாய்தாவிலேயே கேட்டுவிடுங்கள், ஏற்பாடு செய்ய நாளாகும்.