க்ரைம், ஹாரர் எழுத்தாளர்கள் சறுக்கும் இடங்கள்

க்ரைம் கதை வாசகர் கடைசி அத்தியாயத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடுவதில்லை. முன்பக்கங்களைப் புரட்டி, ஏமாற்றியிருக்கிறோமா என்று சரிபார்ப்பார். கொலையாளி அன்று இரவு ரயிலில் இருந்ததாக எங்கோ எழுதிவிட்டு நாம் மறந்துபோனாலும் அவர் மறக்கமாட்டார். அடுத்த புத்தகத்தை வாங்குவாரா என்பது அந்தச் சோதனையில்தான் முடிவாகும்.

பெரும்பாலான பிழைகள் பிணத்தில்தான் நடக்கின்றன. இறந்து அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்தில், ரத்தம் உடலின் தாழ்வான பகுதிகளில் இறங்கி ஊதாத் திட்டுகளாகத் தெரிய ஆரம்பிக்கும். 8 முதல் 12 மணி நேரத்தில் அது அங்கேயே படிந்துவிடும். விறைப்பு 2 முதல் 4 மணி நேரத்தில் தாடையில் தொடங்கி, 12 மணி நேரம் வாக்கில் உடம்பு முழுக்கப் பரவும். வெப்பத்தில் இது வேகமாகும், குளிரில் தாமதமாகும். இப்போது காட்சிக்கு வருவோம். இரவு பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒருவர் கொல்லப்படுகிறார். காலை ஒன்பதுக்குக் கொலையாளி பிணத்தைத் தூக்கிக் கட்டிலில் மல்லாத்துகிறான். தூக்கத்தில் செத்ததுபோல் கிடக்கிறது என்று எழுதினால் கதை அங்கேயே செத்தது. முழங்கால் மடங்கியபடியே விறைத்திருக்கும். ஊதாத் திட்டு முதுகில் இருக்காது, கால்களில் இருக்கும். இதைத் தெரிந்து எழுதினால் பிழையாக இருந்ததே துப்பாகிவிடும்.

போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டர் "சரியாக 11.20க்கு இறந்திருக்கிறார்" என்று சொல்வதும் வேண்டாம். எந்த டாக்டரும் இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் என்றுதான் சொல்வார். அந்த இடைவெளிதான் உங்கள் சந்தேக நபர்களுக்கு இடம் கொடுக்கும். அதை ஏன் நீங்களே அடைக்க வேண்டும்?

சினிமாவிலிருந்து தொற்றிக்கொண்டவை தனி. கைக்குட்டையில் நனைத்த குளோரோஃபார்ம் நொடியில் ஆளைச் சாய்க்காது, சில நிமிடங்கள் விடாமல் முகரவைக்க வேண்டும். துப்பாக்கியில் மாட்டும் சைலன்சர் சுமார் 160 டெசிபல் வெடியோசையில் 20 முதல் 35 வரைதான் குறைக்கும், பக்கத்து அறையில் தூங்குபவர் எழுந்துவிடுவார். தலையில் அடிபட்டு ஒரு மணி நேரம் மயங்கிக் கிடந்த நாயகன், எழுந்ததும் சண்டைக்குப் போக முடியாது. அது மூளைக் காயம்.

துப்பை மறைப்பதில் இரண்டு விதமாகத் தவறுவார்கள்: சொல்லாமலே விடுவது, அடிக்கோடிட்டுச் சொல்வது. மேசைமேல் இருந்த மூன்று நான்கு பொருள்களின் நடுவே அதை வைத்துவிட்டு, அடுத்த வரியிலேயே யாராவது கத்தட்டும். கவனம் அங்கே போய்விடும், ஆனால் துப்பு அச்சில் இருக்கும். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும் என்பது துப்பறியும் கதை எழுதிய ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் வகுத்த பத்து விதிகளில் முதலாவது. முன்னறிவிப்பில்லாமல் இரட்டைப் பிறவியைக் கொண்டுவரக் கூடாது என்பது பத்தாவது. இன்றும் அதே இரட்டையர் கைப்பிரதிகளில் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்!

ஹாரரில் பெரிய தவறு, பேய்க்கு வரம்பு வைக்காதது. பேயால் என்ன முடியும், என்ன முடியாது, அது எங்கே வராது என்று முதல் அத்தியாயத்துக்கு முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சுவர் வழியே வரும் பேய் பத்தாம் அத்தியாயத்தில் பூட்டிய கதவைத் தட்டினால் பயம் போய்ச் சிரிப்பு வரும். 'பயங்கரமான', 'கோரமான' என்ற சொற்களை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அவை இல்லாமல் காட்சி பயமுறுத்தவில்லை என்றால், கோளாறு காட்சியில்தான்.

தொடர் பாத்திரம் வைத்திருப்பவர்கள் வயது, தழும்பு, உறவுகள், வண்டியின் நிறம் வரை தனிக் கோப்பில் குறித்து வையுங்கள். அலுத்துப்போனதும் அவசரப்பட்டுக் கொன்றுவிடவும் வேண்டாம். 1893இல் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் தள்ளிய கோனன் டாயில், 1903இல் அவர் சாகவே இல்லை என்று எழுத வேண்டிவந்தது.

கடைசியாக, காசு. கதையில் ஒவ்வொரு வரியையும் சந்தேகிப்பவர்கள் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாம் தனித்தனி உரிமைகள். 'அனைத்து உரிமைகளும்' என்ற ஒரே வரியில் ஐந்தும் போய்விடும். எத்தனை ஆண்டுக்கு, ராயல்டி (விற்பனையில் எழுத்தாளரின் பங்கு) விற்பனை விலையிலா நிகர வரவிலா, அச்சில் இல்லாமல் போனால் உரிமை எப்போது திரும்பும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். படத்துக்குக் கதை விற்கும்போது பாத்திரத்தின் உரிமையையும் சேர்த்து எழுதிக்கொடுத்தால், அதே துப்பறிவாளரை வைத்து அடுத்த நாவல் எழுத இன்னொருவரிடம் அனுமதி கேட்க வேண்டிவரலாம். சினிமாக்காரர்களிடம் கதை சொல்லப் போகுமுன் முழுச் சுருக்கத்தையும் அவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். வெறும் கதைக்கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான் உண்டு.