வாடகைதாரரால் ஏற்பட்ட சேதம்: பழுதுச் செலவைக் கணக்கிட்டு வசூலிக்கும் முறை

வாடகைதாரர் ஏற்படுத்திய சேதத்துக்கான செலவை முன்பணத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்பது பெரும்பாலான உரிமையாளர்களுக்குத் தெரியும்; எவ்வளவு பிடிக்கலாம் என்பதில்தான் தகராறு வருகிறது. முதன்முறையாக வீட்டை வாடகைக்கு விடுபவர்களுக்காக அந்தக் கணக்கை இங்கே விளக்குகிறேன்.

முதல் படி, சாவியைக் கொடுப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஒவ்வோர் அறையின் சுவர், தரை, கதவு, குழாய் ஆகியவற்றைத் தேதியுடன் படமெடுத்து, அவற்றின் நிலையைப் பட்டியலாக எழுதி, இருவரும் கையொப்பமிட வேண்டும். இது இல்லாவிட்டால், ஒரு கீறல் யார் காலத்தில் விழுந்தது என்பதை நிரூபிப்பது மிகக் கடினம்.

இரண்டாவதாக, வீட்டைக் காலி செய்யும் நாளில் அதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, வாடகைதாரரையும் உடன் அழைத்துச் சென்று, தேய்மானத்தையும் சேதத்தையும் பிரித்துக் குறிக்க வேண்டும். வெயிலில் வெளிறிய வண்ணமும் நடந்து நடந்து மங்கிய தரையும் தேய்மானம். அவற்றுக்குத்தான் வாடகை வாங்கியிருக்கிறீர்கள். சூடான பாத்திரம் வைத்துக் கருகிய மேடையும் உடைந்த கைகழுவும் தொட்டியும் சேதம். இரண்டுக்கும் நடுவில் நிற்பவைதான் தலைவலி. குளியலறைக் கதவின் அடிப்பலகை ஊறி உப்பியிருந்தால், வாடகைதாரர்மேல் பழிபோடும் முன் அருகிலுள்ள குழாய் இணைப்பைத் தடவிப் பாருங்கள். கசிவு இருந்து, அதை அவர் முன்பே தெரிவித்தும் நீங்கள் கவனிக்காமல் விட்டிருந்தால், அந்தச் செலவு உங்களுடையது.

மூன்றாவது படியில்தான் பலர் சறுக்குகிறார்கள். பழைய பொருளுக்குப் புதுப்பொருளின் முழு விலையைக் கேட்கக் கூடாது. அதன் ஆயுளில் எஞ்சியிருந்த பகுதிக்கே கேட்க வேண்டும். 6 ஆண்டுகள் தாங்கக்கூடிய வண்ணப்பூச்சு, 4 ஆண்டுகள் முடிந்த நிலையில் பாழாக்கப்பட்டிருந்தால், மறுபூச்சுச் செலவில் மூன்றில் ஒரு பங்கே வாடகைதாரருடையது. 7 ஆண்டுகள் ஆகியிருந்தால் கேட்பதற்கு ஏதுமில்லை. சன்னல் கண்ணாடி அப்படித் தேய்வதில்லை என்பதால், உடைந்த கண்ணாடிக்கு முழுச் செலவையும் கேட்கலாம். ஒரு தரைக்கல் உடைந்ததற்காகத் தரை முழுவதையும் மாற்றி, அந்தச் செலவை அவர் தலையில் கட்டுவது என் பார்வையில் அடாவடி.

பிறகு, இரண்டு இடங்களிலாவது மதிப்பீடு வாங்கி, பொருளுக்கும் கூலிக்கும் தனித்தனி ரசீது பெற்று, பிடித்தத்தை இனவாரியாக எழுதி, படங்களையும் இணைத்து, உங்கள் சட்டமோ ஒப்பந்தமோ குறித்த கெடுவுக்குள், மீதித் தொகையுடன் அனுப்புங்கள். முன்பணம் போதாவிட்டால், மிச்சத்தை எழுத்துமூலம் கேட்டுத் தவணைக்கு இடங்கொடுப்பது, வழக்குக்குப் போவதைவிடப் பெரும்பாலும் மலிவு. காப்பீடு இருந்தால் அதன் விதிகளையும் படியுங்கள். தேய்மானத்தை அது பொதுவாக ஏற்பதில்லை.

கணக்குப் புத்தகத்தில், திருப்பித் தர வேண்டிய முன்பணம் உங்கள் கடன்தான். பிடித்துக்கொண்ட தொகையை மட்டும் அந்தத் தேதியில் வரவாகவும், பழுதுக்குக் கொடுத்ததைச் செலவாகவும் தனித்தனியே எழுதுங்கள்; ஒன்றில் மற்றொன்றைக் கழித்து எழுதினால், வரிக் கணக்கின்போது ரசீதும் பதிவும் பொருந்தாமல் போகும்.