மாருதி 800 கிளம்ப மறுத்தால்: பேட்டரி வாங்கும் முன் இதைப் பாருங்கள்

என்னிடம் இருப்பது 1994 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. ஒரு மார்கழிக் காலை சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி போச்சு என்றார்கள், மாற்றினேன். இரண்டே வாரத்தில் மறுபடி அதே 'டக்'. ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் என்றார்கள், அதையும் மாற்றினேன். கடைசியில் மாட்டிக்கொண்டது மீட்டர் போர்டுக்குள் இருந்த நிலக்கடலை அளவு பல்பு ஒன்று. அந்தக் கதை கீழே வரும். அன்றிலிருந்து அளந்து பார்க்காமல் எந்த சாமானும் வாங்குவதில்லை.

ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஸ்பேனர் செட், பிளக் ஸ்பேனர், உப்புத்தாள், சாவி திருப்ப ஓர் ஆள், இவை போதும். மோதிரம், உலோக வாட்சைக் கழற்றிவிடுங்கள். கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுங்கள்.

முதலில் காதைக் கொடுங்கள்

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை, அல்லது 'டக்', அல்லது 'டகடகடக' என்றால் கரண்ட் பிரச்சினை. 'விர்ர்' என்று செல்ஃப் மட்டும் சுற்றி இஞ்சின் அசையவில்லை என்றால் செல்ஃப் மோட்டாரின் பல்சக்கரம் போய்ச் சேரவில்லை. அது கழற்றிப் பார்க்கிற வேலை, மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். இஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் ஸ்பார்க் இல்லை, அல்லது பெட்ரோல் வரவில்லை.

கரண்ட் பக்கம்

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் மீட்டரை டிசி 20-இல் வைத்து பேட்டரியை அளங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 பரவாயில்லை. 12-க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் போடுங்கள், மற்ற சோதனையெல்லாம் அப்புறம்.

அடுத்து ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். லைட் அடியோடு மங்கிப் போனால் பேட்டரியோ அதன் டெர்மினலோ பலவீனம். லைட் பளிச்சென்று இருக்க 'டக்' மட்டும் வந்தால் சொலனாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை விடும் சுவிட்ச்), அல்லது செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ். மீட்டர் இல்லாதவர்களுக்கும் இது கைகொடுக்கும்.

இப்போது, பலரும் பார்க்காத எர்த், அதாவது பேட்டரியின் மைனஸை இஞ்சினோடும் பாடியோடும் சேர்க்கும் வயர். ஸ்பார்க்குக்கு வேண்டிய அதிக வோல்ட்டைத் தரும் காயிலுக்குப் போகும் சின்ன வயரைக் கழற்றி வையுங்கள், செல்ஃப் சுற்றும், இஞ்சின் பிடிக்காது. மீட்டரின் ஒரு முனையை இஞ்சினின் சுத்தமான இரும்பிலும், மறுமுனையை பேட்டரியின் மைனஸ் ஈயத் தலையிலும் வைத்து (கிளாம்ப்பில் அல்ல) செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரோ அதன் போல்ட்டோ துருப்பிடித்திருக்கிறது. முப்பது வருட வண்டியில் இது சர்வ சாதாரணம். அதே நேரத்தில் பேட்டரியின் இரண்டு தலைக்கும் நடுவே 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், சார்ஜ் ஏற்றிய பிறகும் அப்படியே என்றால், பேட்டரி நிஜமாகவே முடிந்துவிட்டது.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், சுடுதண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து ஊற்றிக் கழுவுங்கள். அந்தத் தண்ணீர் பேட்டரி மூடிக்குள் போகக் கூடாது. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் உரசித் தீப்பொறி பறக்கும். உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை

கழற்றிய காயில் வயரை மாட்டிக்கொண்டு தொடருங்கள் (நான் மறந்து அரை மணி நேரம் தேடியிருக்கிறேன்). ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் வயரிலேயே மாட்டி, உலோகப் பகுதி இஞ்சினைத் தொடும்படி வையுங்கள். ரப்பர் பிடி போட்ட குறடால் பிடியுங்கள், கையால் வேண்டாம். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். செல்ஃப் அடித்தால் நீல நிறத்தில் 'சட் சட்' என்று பொறி வர வேண்டும். வராவிட்டால் பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து ஈரம், விரிசல், கரி படிந்த கோடு இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்ட் உள்ள பழைய வண்டி என்றால், அது திறக்கும் இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ. இருக்க வேண்டும்.

பொறி வருகிறது, ஆனால் பிளக் நனைந்து பெட்ரோல் வாசம் அடிக்கிறதா? ஓவர்ஃப்ளோ. சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். மிதித்து மிதித்து விடக் கூடாது, ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் பெட்ரோல் ஊற்றும். ஒரு தடவைக்குப் பத்து விநாடி போதும், பிறகு அரை நிமிடமாவது ஓய்வு கொடுங்கள். இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டார் சூடேறிப் புகையும்.

பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. இந்த வண்டியில் பம்ப் இஞ்சினோடு ஓடுகிற மெக்கானிக்கல் பம்ப். வாரக்கணக்கில் நின்ற வண்டியில் கார்புரேட்டர் கிண்ணம் வற்றிப்போயிருக்கும், நாலைந்து தடவை செல்ஃப் அடித்தால்தான் நிரம்பும். அதன்பிறகும் வராவிட்டால் ஃபில்டரையும் ரப்பர் குழாயையும் பாருங்கள். அந்தக் காலத்து ரப்பர், இப்போதைய 20 சதவீத எத்தனால் பெட்ரோலை நினைத்துச் செய்ததல்ல. வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். சித்திரை வெயிலில் ஓடி நின்ற வண்டி மறுபடி கிளம்பாவிட்டால், பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கும்.

கிண்ணத்துக்குள் பெட்ரோல் வரும் வழியைத் திறந்து மூடும் ஃப்ளோட் ஊசி சிக்கியிருந்தால், கார்புரேட்டர் கிண்ணத்தை ஸ்பேனர் பிடியால் மெல்லத் தட்டினாலே சில சமயம் சரியாகும். கார்புரேட்டரை முழுதாகக் கழற்றுவதை முதல் தடவையே முயலாதீர்கள். உள்ளே இருக்கும் குட்டி ஸ்பிரிங் தெறித்து விழுந்தால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

சார்ஜ் ஏறுகிறதா?

வண்டி கிளம்பிவிட்டது, சரி. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து பேட்டரியை அளங்கள். 13.8 முதல் 14.5 வரை காட்டினால் நல்லது. 15-ஐத் தாண்டினால் சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது, பேட்டரித் தண்ணீர் வற்றிக்கொண்டே போகும். ஓடும்போதும் 12.4-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. இஞ்சினை நிறுத்தி ஃபேன் பெல்ட்டை அமுக்கிப் பாருங்கள். ஒரு செ.மீ. அளவுக்கு அமுங்கலாம், அதற்கு மேல் தொளதொளவென்று இருந்தால் இறுக்க வேண்டும்.

இனி அந்தப் பல்பு. இஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் சிவப்பு பேட்டரி விளக்கு எரிய வேண்டும், கிளம்பியதும் அணைய வேண்டும். ஆல்டர்னேட்டரின் ரோட்டார் (உள்ளே சுற்றும் பாகம்) காந்தமாவதற்கான முதல் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் அந்தக் கரண்ட் போகாது, ஆல்டர்னேட்டர் சும்மா சுற்றும். விளக்கு எரியாததை, கோளாறு இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்! உங்களுக்கும் எரியவில்லையா? சாவி ஆனிலேயே இருக்க, ஆல்டர்னேட்டரில் அந்தப் பல்பிலிருந்து வரும் மெல்லிய வயரைக் கழற்றி பாடியில் தொடுங்கள். எரிந்தால் பல்பும் வயரும் சரி, ஆல்டர்னேட்டரின் பிரஷ் தேய்ந்திருக்கலாம். எரியாவிட்டால் பல்பை மாற்றுங்கள், அல்லது வயர் எங்கே அறுந்திருக்கிறது என்று தேடுங்கள்.

ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, 'வண்டி நிற்கவில்லை, டைனமோ நல்லா இருக்கு' என்பார்கள் சிலர். ஆல்டர்னேட்டரில் அதைச் செய்தால் வோல்ட் எகிறி ரெகுலேட்டரே போய்விடும். யார் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள்.

சார்ஜும் சரி, பேட்டரியும் சரி, ஆனாலும் இரண்டு நாள் நின்றால் இறங்குகிறது என்றால் எங்கோ கரண்ட் கசிகிறது. எல்லாவற்றையும் அணைத்து, மைனஸ் கிளாம்ப்பைக் கழற்றி, கிளாம்ப்புக்கும் பேட்டரித் தலைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியரில் வையுங்கள். அந்த நிலையில் செல்ஃப் அடிக்கவே கூடாது, மீட்டர் கருகிவிடும். 0.05 ஆம்பியருக்கு மேல் காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே வாருங்கள், எதை உருவும்போது எண் சரிகிறதோ அந்த லைனில்தான் கசிவு. பின்னால் பொருத்திய பாட்டுப் பெட்டியின் வயரை முதலில் சந்தேகப்படுங்கள்.