‘குவெரி வேலை செய்யவில்லை’ என்பவருக்குப் பதில் எழுதுவது எப்படி

‘என் குவெரி வேலை செய்யவில்லை, உதவுங்கள்’ என்று ஒரே வரியில் வரும் கேள்வியைக் கண்டதும், கொஞ்சம் அனுபவமுள்ள வலை உருவாக்குநர் எவருக்கும் உடனே ஒரு குவெரியை (தரவுத்தளத்துக்கு இடும் கட்டளையை) எழுதிக் கொடுத்துவிடக் கை துறுதுறுக்கும். ஆனால் அந்த ஒரு வரிக்குள் நான்கு வெவ்வேறு சிக்கல்களில் எதுவும் இருக்கலாம்: பிழைச்செய்தி வருகிறது, விடை வெறுமையாக வருகிறது, தவறான வரிசைகள் (அட்டவணையின் பதிவுகள்) வருகின்றன, அல்லது சரியான விடையே மிகத் தாமதமாக வருகிறது. இவற்றுள் எது என்று தெரியாமல் எழுதப்படும் பதில் பெரும்பாலும் வேறு யாருடைய சிக்கலுக்கோ பதிலாகிவிடுகிறது. ஆகவே முதலில் இந்த நான்கில் எது என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

அதன்பின் தேவைப்படுபவை: தரவுத்தள மென்பொருள் மைஎஸ்கியூஎல்லா, மரியாடிபியா, எந்தப் பதிப்பு என்ற விவரம், ‘ஷோ கிரியேட் டேபிள்’ கட்டளை தரும் அட்டவணை அமைப்பு, மாதிரிக்குச் சில வரிசைகள், அவற்றிலிருந்து எதிர்பார்க்கும் விடை, பிழைச்செய்தி இருந்தால் திரையின் படமாக அல்லாமல் எழுத்தாக நகலெடுத்த முழு வாசகம். இவை அனைத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் புதிதாக வந்தவர் மிரண்டு போய்விடுவார் என்பதால், அப்போதைக்கு மிகவும் தேவையான இரண்டை மட்டும் கேட்டு, அவற்றை எப்படி எடுப்பது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பதிப்பு எண்ணைக் கேட்பது வெறும் சடங்கு அன்று. 2015-இல் வெளிவந்த மைஎஸ்கியூஎல் 5.7 முதல், இயல்புநிலை அமைப்பில், வரிசைகளைக் குழுக்களாக்கும் ‘குரூப் பை’ பகுதியிலும், கூட்டுத்தொகை, எண்ணிக்கை போன்றவற்றைக் கணக்கிடும் தொகைச் சார்புகளிலும் இடம்பெறாத நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்தால், அது குழுவுக்குள் ஒரே மதிப்பாகவே இருக்கும் என்று சர்வரால் உறுதிசெய்ய முடியாத இடங்களில் பிழை எண் 1055 வரும். அதே குவெரி பழைய சர்வரில் ஓசையின்றி ஏதோ ஒரு மதிப்பைத் தந்துகொண்டிருந்திருக்கும். அதேபோல் ‘ரேங்க்’ என்று பெயரிட்ட நெடுவரிசை 5.7-இல் சரியாக இயங்கி, 8.0-க்கு மாறியதும் உடைந்தால், காரணம் அந்தச் சொல் 8.0-இல் மென்பொருள் தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொல்லாகிவிட்டதுதான்.

கேட்டவர் ஒட்டிய நிரலில் தரவுத்தளக் கடவுச்சொல்லோ வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்களோ தெரிந்தால், வேறு எதையும் எழுதும் முன் அதைச் சுட்டிக்காட்டுங்கள். நீக்கினால் மட்டும் போதாது, கடவுச்சொல்லை மாற்றியே ஆக வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

பிழைச்செய்தியைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது, பிழையைத் திருத்திக் கொடுப்பதைவிட நெடுநாள் பயன்படும். இலக்கணப் பிழையைக் குறிக்கும் 1064-ஐ எடுத்துக்கொண்டால், அதில் மேற்கோளுக்குள் காட்டப்படும் பகுதி சர்வர் தடுக்கி நின்ற இடம்; பிழையும் அங்கேயேதான் இருக்க வேண்டும் என்பதில்லை. தவறு அநேகமாக அதற்குச் சற்று முன்னால், விடுபட்ட ஒரு காற்புள்ளியாகவோ மூடப்படாத மேற்கோள் குறியாகவோ இருக்கும். இதை ஒருமுறை விளக்கிவிட்டால் அவர் அடுத்த பத்துக் கேள்விகளைக் கேட்காமலேயே தீர்த்துக்கொள்வார்.

தமிழில் தளம் நடத்துவோரிடமிருந்து ஓயாமல் வரும் ஒரு கேள்வியைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்: ‘தரவுத்தளத்தில் சேமித்த தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகத் தெரிகின்றன.’ இதற்கு ‘யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றுங்கள்’ என்று, எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் எழுத்துத்தொகுதியின் பெயரைச் சொல்லி, ஒரு வரியில் பதில் சொல்வோர் பலர். அது சில வேளைகளில் சரி. சில வேளைகளில் மீட்டிருக்கக்கூடிய தரவையும் கெடுத்துவிடும். எனவே முதலில் திரையில் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். உண்மையான கேள்விக்குறிகளா, அல்லது தலையில் கோடு போட்ட சிறிய ஆங்கில ‘ஏ’ எழுத்தும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் மாறி மாறி வரும் குழப்பமா? பின்னதாக இருந்தால் பைட்டுகள் (எழுத்துகளைச் சேமிக்கும் அலகுகள்) பெரும்பாலும் தப்பியிருக்கின்றன என்று நம்பலாம். முன்னதாக இருந்தால் இரண்டு வாய்ப்புகள் உண்டு: சேமிக்கும்போதே எழுத்து அழிந்து கேள்விக்குறியாகிவிட்டிருக்கலாம், அல்லது சேமித்தது சரியாக இருந்து, படிக்கும் இணைப்பு தமிழுக்கு இடமில்லாத பழைய எழுத்துத்தொகுதியான லத்தீன்1-இல் இருப்பதால் வெளியே வரும்போது மாறியிருக்கலாம். கண்ணால் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது.

பிரித்தறிய உதவுவது, சேமித்த பைட்டுகளைப் பதினாறடிமான இலக்கங்களாகக் காட்டும் ‘ஹெக்ஸ்’ சார்பு. ஓர் ‘அ’ எழுத்தை மட்டும் கொண்ட வரிசையைச் சேமித்து, அந்த நெடுவரிசையை ‘ஹெக்ஸ்’ வழியாகத் தேர்ந்தெடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். யூனிகோட் ‘அ’ யூடிஎஃப்-8-இல் மூன்று பைட் எடுப்பதால், பைட்டுக்கு இரண்டாக ஆறு இலக்கங்கள் வர வேண்டும். வெறும் ‘3எஃப்’ என்று வந்தால் உள்ளே இருப்பதே கேள்விக்குறி. அந்த வரிசையை எந்த நிரலாலும் மீட்க முடியாது, பேக்கப்பிலிருந்தோ மூலத்திலிருந்தோ மறுபடி ஏற்ற வேண்டும் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை. பதினான்கு இலக்கங்கள் வந்தால், ஏற்கெனவே யூடிஎஃப்-8 ஆக இருந்ததை லத்தீன்1 என்று எண்ணி மறுமுறை மாற்றியிருக்கிறார்கள். ஆறு இலக்கங்கள் சரியாக வந்து, நெடுவரிசையும் யூடிஎஃப்8எம்பி4 என்றே இருந்தால் தரவில் குறை எதுவும் இல்லை. தளத்தை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பியின் தரவுத்தள இணைப்பில் உள்ள எழுத்துத்தொகுதியையோ பக்கத்தின் தலைப்பில் உள்ள அறிவிப்பையோ திருத்தினால் போதும். ஆறு இலக்கங்கள் வந்தும் நெடுவரிசை லத்தீன்1 என்று குறிக்கப்பட்டிருந்தால்தான் ஆபத்து: அதை நேரடியாக யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றினால் சர்வர் உள்ளதை மேலும் ஒருமுறை மாற்றிவிடும். பேக்கப் எடுத்த பின் முதலில் பைட்டுகளை அப்படியே வைத்திருக்கும் பைனரி வகைக்கும், அதிலிருந்து யூடிஎஃப்8எம்பி4-க்கும் மாற்றச் சொல்ல வேண்டும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு புகார், ‘தமிழ் சேருகிறது, ஆனால் சிரிப்பு முகம் போட்டால் மட்டும் பிழை வருகிறது’ என்பது. மைஎஸ்கியூஎல்லில் ‘யூடிஎஃப்8’ என்று வழங்கிவந்த தொகுதி ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காது. எமோஜிகளில் பெரும்பாலானவை நான்கு பைட் கேட்கும். நான்கையும் ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4, 2010-இல் 5.5.3 பதிப்பில் வந்தது. 2018-இல் வந்த 8.0-இல்தான் அதுவே இயல்புநிலை ஆயிற்று. பழைய தளங்களில் இந்தக் கோளாறு இன்னும் உயிரோடு இருப்பதற்கு அதுவே காரணம்.

பதிலை அனுப்பும் முன் ஓட்டிப் பாருங்கள். கேட்டவர் தந்த அமைப்பை உங்கள் கணினியில் உருவாக்கி, அவர் தந்த மாதிரி வரிசைகளோடு வெற்று மதிப்பான ‘நல்’ உள்ள ஒரு வரிசையையும் சேர்த்துச் சோதிப்பது நல்லது. ஒரு பட்டியலில் இல்லாதவற்றைத் தேடும் ‘நாட் இன்’ பயன்படுத்திய குவெரி ஒரு வரிசையையும் தராமல் போவதற்கு உள்குவெரியில் ஒளிந்திருக்கும் ஒரே ஒரு ‘நல்’ போதும். நீக்கும் அல்லது மாற்றும் கட்டளையைக் கொடுக்க நேர்ந்தால், அதே நிபந்தனையுடன் கூடிய ‘செலக்ட்’ கட்டளையை முதலில் கொடுத்து, எத்தனை வரிசைகள் பாதிக்கப்படும் என்று அவரே பார்க்கும்படி செய்யுங்கள். டிரான்சாக்ஷனுக்குள் (முடிவில் உறுதிசெய்யவோ திரும்பப்பெறவோ கூடிய கட்டளைத் தொகுப்புக்குள்) ஓட்டச் சொல்வதும் நல்லதுதான், ஆனால் அது இன்னோடிபி வகை அட்டவணைகளுக்கே காப்பு. மையைசாம் வகை அட்டவணையில், திரும்பப்பெறும் கட்டளையான ‘ரோல்பேக்’ எதையும் திருப்பித் தராது.

கேட்கப்பட்டதற்கும் தேவைப்படுவதற்கும் இடைவெளி இருக்கும் கேள்விகளே மிகவும் பொறுமை வேண்டுபவை. ஒரே நெடுவரிசையில் காற்புள்ளியிட்டு அடுக்கிய எண்களுக்குள் ஓர் எண்ணைத் தேடுவது எப்படி என்று ஒருவர் கேட்டால், ‘இப்படியா அட்டவணை அமைப்பார்கள்?’ என்று கடிந்துகொள்வதில் பயனில்லை. அந்த அமைப்பு அவருக்கு முன் வேலை பார்த்தவருடையதாகவும் இருக்கலாம். ‘ஃபைண்ட் இன் செட்’ சார்பைக் காட்டி இன்றைய வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, அது அந்த நெடுவரிசையின் இன்டெக்ஸை (தேடலை விரைவாக்கும் சுட்டுப்பட்டியலை) பயன்படுத்தாது என்பதையும், தனி இணைப்பு அட்டவணை அமைத்தால் என்ன கிடைக்கும் என்பதையும் அதன்பின் எழுதுங்கள். இந்த வரிசைமுறை முக்கியம் என்பது என் கருத்து. அறிவுரையை முதலில் வைத்தால் அதற்குக் கீழே உள்ளதை யாரும் படிப்பதில்லை.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பயனர் தட்டிய மதிப்பை அப்படியே குவெரியில் ஒட்டும் நிரலைக் கண்டால், கேள்வி வேறு எதைப் பற்றியதாக இருந்தாலும், உங்கள் பதிலில் உள்ள எடுத்துக்காட்டை, தீயவர் தன் கட்டளையை உள்ளே நுழைக்க முடியாதபடி மதிப்பைத் தனியே அனுப்பும் ‘பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்’ வடிவிலேயே எழுதுங்கள். ஏனெனில் அவர் உங்கள் விளக்கத்தைத் தாண்டிச் சென்று நிரலை மட்டுமே நகலெடுப்பார். அவருக்குப் பின் தேடி வருபவர்களும் அதையே செய்வார்கள்.

தாமதம் பற்றிய கேள்விக்கு, சர்வர் குவெரியை எப்படி இயக்கும் என்று காட்டும் ‘எக்ஸ்பிளெயின்’ வெளியீட்டைப் பார்க்காமல் கருத்துச் சொல்ல வேண்டாம். தேடும் சொல்லின் முன்னால் விழுக்காட்டுக் குறியிட்ட ‘லைக்’, பல நெடுவரிசைகளைச் சேர்த்த கூட்டு இன்டெக்ஸின் முதல் நெடுவரிசையைத் தொடாத நிபந்தனை ஆகிய இரண்டையும் முதலில் தேடுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்த பதிலை ஓட்டிப் பார்க்காமல் ஒட்டுவது, உதவி கேட்டவரிடம் சோதிக்கும் வேலையைத் தள்ளிவிடுவதாகும். நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரில் சாட்ஜிபிடி பதில்களுக்குத் தடை விதித்தபோது சொன்ன காரணமும், அவை பார்வைக்குச் சரியாகத் தோன்றியும் தவறாக இருப்பது மிகுதி என்பதே.

விளக்கத்தைத் தமிழில் எழுதினாலும் கட்டளைகளையும் பிழைச்செய்திகளையும் மூல வடிவிலேயே விடுங்கள். அதே பிழையைத் தேடுபொறியில் இடுபவர் அந்த வாசகத்தைக் கொண்டுதான் உங்கள் பதிலை வந்தடைவார். எந்தப் பதிப்பில் சோதித்தீர்கள் என்பதைப் பதிலின் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். பிஎச்பி 7.0 பழைய மைஎஸ்கியூஎல் சார்புகளை 2015-இலேயே நீக்கிவிட்ட பின்னும், அவற்றைக் கொண்டு எழுதிய பதில்கள் பதிப்பு எண் இல்லாததால் இன்றும் நகலெடுக்கப்படுகின்றன. உங்களுடைய பழைய பதில் ஒன்று அப்படிக் கண்ணில் பட்டால், அதன் தலையில் இது எந்தப் பதிப்புவரை செல்லும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.